நல்லெண்ணெய் குடிச்ச பனி ஸ்கூட்டர்

பெற்றோல் மணமும், அலுமாரிக்குள்ள உடுப்புக்கு நடுவில போடுற பூச்சி உருண்டை மணமும் ஒண்டாச் சேர்ந்து மூக்கில ஏறினா உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு முன்பல்லுக் கூசும். முன்பல்லு எண்டு ஒரு மரியாதைக்குத்தான் சொல்லுறன். அதில பாதிதான் இப்ப வாய்க்குள்ள நிக்குது, மற்றப் பாதி லண்டனுக்குத் தெற்கால மிச்சம் எண்ட ஊரில, சின்னப்பிள்ளையள் விளையாடுற ஒரு பார்க்கில, சறுக்கிக்குக் கீழ எங்கையோ கிடக்கும். அந்தப் பாதிப் பல்லுக்கும், பனியில ஓடுற ஒரு ஸ்கூட்டருக்கும், முப்பது வருசத்துக்கு மேல நான் சொல்லித் திரிஞ்ச ஒரு பொய்யுக்கும் என்ன சம்பந்தம் எண்டுதான் எழுதப்போறன். எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. நான் படிச்ச ஆளில்லை, பள்ளிக்கூடம் போய்வந்த ஆள். லண்டன் வாத்திமார் என்னை அஞ்சு வருசம் வாங்கில இருத்திவைச்சுப் பாத்தவை, நான் ஜன்னலைப் பாத்தன், கடைசியில ரெண்டு பகுதிக்கும் போதும் எண்டு போச்சு.

எண்பதுகளின்ர கடைசியில மிச்சத்தில, பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின ஒரு மாடி வீட்டில இருந்தனாங்கள், கீழ அப்பா, அம்மா, நான். மேல பின்னறையில தயா அண்ணை. அப்பாவும் தயா அண்ணையும் ஒரே பெற்றோல் ஷெட்டில மாறி மாறி ஷிப்ட் நிண்டவை, அதால எங்கட வீட்டில எந்த நேரமும் ஆரோ ஒராள் நித்திரையாத்தான் இருக்கும், எனக்கு வாய்விட்டுக் கத்துறதுக்கு ஒரு நேரம் கிடைக்காது. தயா அண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை, அப்பான்ர ஊர்ப் பெடியன், அப்ப ஒரு முப்பது வயசு இருக்கும். லண்டனுக்கு வர முதல் நோர்வேயில, வரைபடத்தில பேப்பர் முடியிற இடத்தில, ஒரு மீன் ஃபக்டரியில நாலு வருசம் மீன் வெட்டினவர். லண்டனுக்கு வந்த எங்கட சனம் எல்லாம் ஒரு சூட்கேசோட வந்தது. தயா அண்ணை ஒரு சூட்கேசும் ஒரு பனி ஸ்கூட்டரும் கொண்டு வந்தவர்.

கண்டிராத ஆக்களுக்குச் சொல்லுறன்: முன்னுக்குச் சில்லு இல்லை, ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு யுத்தத் தாங்கிக்கு இருக்கிற மாதிரி அகலமான ரப்பர் பட்டி, நடுவில மோட்டச்சைக்கிள் சீற், கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆகும். நோர்வேயில கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போகேக்கை "நீயே வைச்சிரு" எண்டு குடுத்திட்டுப் போனதாம். சொந்த வான் ஒண்டில லண்டனுக்கு மாறி வந்த ஒரு கூட்டாளி அதைத் தளபாடத்தோட தளபாடமா ஏத்திக் கப்பலில கொண்டுவந்து எங்கட பின்லேனில இருந்த கராஜுக்குள்ள இறக்கினவன். மஞ்சள் நிறம். பனி விழாத ஊரில அது முழங்கால் மடிச்சுக்கொண்டு கிடந்த கிடையைப் பாத்திட்டு அப்பா அதுக்கு "படுத்த மாடு" எண்டு பேர் வைச்சார். வேலையால வந்தோடன, "தயா, உன்ர மாட்டுக்கு வைக்கல் வைச்சியோ?" எண்டுதான் கேப்பார். தயா அண்ணை, "வைச்சனான் அண்ணை, பால் கறக்கத்தான் ஆளில்லை" எண்டுவார்.

இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் கொண்டுவந்தவர் எண்டு கேட்டியளெண்டா, அதுக்குக் காரணம் ராஜி அக்கா. தயா அண்ணை வெளிநாடு வெளிக்கிட ஒரு கிழமைக்கு முதல் கலியாணப் பதிவு செய்து எழுத்து எழுதின மனுசி. எழுத்து எழுதி ஒரு கிழமை, பிரிஞ்சு ஆறு வருசம். நோர்வேயில இருக்கேக்கை அந்த ஸ்கூட்டரில ஏறி இருந்து ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினவராம். ஊரில சனம் படத்தைப் பாத்திட்டு, "உது பொம்மை, ஸ்டுடியோக்காரன் வைச்சிருப்பான், உன்ர மனுசன் பொம்மையில குந்திக்கொண்டு உனக்குப் படம் காட்டுறான்" எண்டு ராஜி அக்காவைப் பகிடி பண்ணியிருக்குது. அவ கடிதத்தில எழுதிக் கேட்டிருக்கிறா, "நான் வந்தா உந்தச் சாமானில என்னையும் ஒருக்கா ஏத்துவீங்களோ?" எண்டு. தயா அண்ணை வாக்குக் குடுத்திட்டார்: நீர் வந்தாப் பிறகு விழுகிற முதல் பனியில, உம்மை முன்னுக்கு இருத்தி ஓடுவன் எண்டு. அந்தக் கடிதத்தை எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதையுங்கோ. அவரின்ர தலாணிக்குக் கீழ கைவிட்டுப் பாக்கிறது எனக்கு அப்ப ஒரு பொழுதுபோக்கு.

இனி மார்ச் மாசக் கடைசிக்கு வாறன். ஒவ்வொரு வருசமும் குளிர் விடுற நேரம் பாத்து தயா அண்ணை கராஜைத் திறந்து, அந்த ஸ்கூட்டரைச் சம்மருக்குப் "படுக்கப்போடுவார்". குளிர்காலம் முழுக்கச் சும்மா நிண்ட ஒரு சாமானைச் சம்மரிலயும் சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு நாள் மினக்கெட்டு ஆயத்தப்படுத்துற மனுசன் உலகத்தில அவர் ஒராள்தான். தாங்கியில இருக்கிற பெற்றோலை வடிச்செடுப்பார், கபரேற்றருக்குள்ள ஒரு சொட்டும் நிக்கப்படாது, நிண்டாப் பிசினாப் போகுமாம். பெல்ட்டைக் கழட்டிச் சுவரில ஆணியில கொழுவுவார். பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டையில ஏத்துவார், பட்டி நிலத்தில அழுத்திக்கொண்டு கிடந்தா வளைஞ்சிடுமாம். புகைக்குழாய்க்குள்ள எலி போகாமல் இரும்பு நார் அடைவார், சீற்றுக்குக் கீழ பூச்சி உருண்டை போடுவார், கடைசியா அம்மான்ர பழைய நைலக்ஸ் சீலை ஒண்டால மூடிக் கட்டுவார். எல்லாத்திலும் முக்கியம், பிளக் ரெண்டையும் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள அமத்தினாப் பீச்சுற ஒரு நீலத் தகர டின்னால "புஸ் புஸ்" எண்டு ரெண்டுதரம் ஓயில் அடிக்கிறது. உள்ளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க அதுதான் மருந்து. நோர்வேயால கொண்டுவந்த தகரம். தங்கத்தை மாதிரி வைச்சிருந்தவர். கார்த்திகை மாசம் பிறந்தா எல்லாத்தையும் திருப்பிப் பூட்டி, கயிறை இழுத்து, அஞ்சு நிமிசம் ஓடவிட்டு, பின்லேன் முழுக்க நீலப் புகையாக்கி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிட்டப் பேச்சு வாங்கிக்கொண்டு கராஜைப் பூட்டுவார். முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம் இருக்கும்.

எனக்குப் பதினாலு வயசு நடக்கிற வருசம், மார்ச் மாசம், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டிட்டு கராஜுக்குள்ள ஒளிச்சிருந்தன். கண்ணில அந்த நீலத் தகரம் பட்டுது. வழுக்குற சாமான் எண்டு தெரியும். வழுக்குற சாமான் கையில இருந்தா மனுசனுக்கு என்ன யோசினை வரும்? உங்களுக்கு வராது. எனக்கு வந்தது. பார்க்குக்குக் கொண்டுபோய் சறுக்கியில மேல இருந்து கீழ வரைக்கும் முழுத் தகரத்தையும் அடிச்சு முடிச்சன், உலகத்திலேயே கெதியான சறுக்கி செய்யிறதெண்டு. பேந்து, கண்டுபிடிச்சவன்தானே முதல் ஓடவேணும் எண்டு நானே ஏறினன். சறுக்கினது எனக்கு ஞாபகமில்லை. சறுக்கி முடிஞ்ச இடத்தில நான் நிக்கேல்லை, அது மட்டும் ஞாபகம். தார் நிலம் வாயில வந்து இடிச்சது. பல்லு பாதி போச்சு. காற்சட்டையில ஓயில், சேட்டில ரத்தம். வெறும் தகரத்தைக் கராஜில இருந்த இடத்திலேயே வைச்சன். வீட்டில "கிரிக்கெட் பந்து பட்டது" எண்டன். அப்பா, "நீ எப்ப பள்ளிக்கூடத்துக்குப் போனனீ, பந்து படுறதுக்கு?" எண்டு அதுக்கும் ஒரு அடி போட்டார். அப்ப பள்ளிக்கூடத்தால கிழமைக்கு ஒரு கடிதம் வாற காலம். அப்பான்ர கை எப்பவும் என்னில ஏறத் தயாரா இருக்கும். "இன்னும் ஒண்டு காதில விழட்டும், கொழும்புக்குப் பிளேன் ஏத்திவிடுறன்" எண்டு சொல்லிவைச்சிருந்தார்.

அடுத்த கிழமை தயா அண்ணை ஸ்கூட்டரைப் படுக்கப்போடத் தொடங்கினார். அந்த வருசம் அவருக்குக் கால் நிலத்தில படேல்லை; ராஜி அக்கான்ர விசா அலுவல் சரிவாற மாதிரி இருந்தது. முதல் நாள் பின்னேரத்துக்கிடையில ஓயில் அடிக்கிறதைத் தவிர எல்லா வேலையும் முடிச்சிட்டார். விடிய, ஏதோ பத்திரம் ஒண்டு குறையுதாம் எண்டு குரொய்டனில இருக்கிற விசாக் கந்தோருக்கு ஓடவேண்டிவந்திட்டுது. சப்பாத்துப் போட்டபடி என்னைக் கூப்பிட்டார்.

"ரூபன், நீ எத்தினைதரம் பாத்தனீ. பிளக் ரெண்டையும் கழட்டி விட்டிருக்கிறன். ஓட்டைக்குள்ள ரெண்டுதரம் அடி, கயிறை மெல்லமா ரெண்டுதரம் இழு, பிளக்கைப் பூட்டு, சீலையால மூடு. ஏலும்தானே?"

"ஏலும் அண்ணை," எண்டன்.

அந்த இடத்தில நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். "ஓயில் முடிஞ்சுது அண்ணை." மூண்டு சொல்லு. அவர் வரேக்கை கடையில ஒரு சாதாரண எஞ்சின் ஓயில் வாங்கிக்கொண்டு வந்திருப்பார், அதுவும் போதுமாயிருந்திருக்கும் எண்டு பிறகு அறிஞ்சன். ஆனா ஓயில் எங்க போச்சு எண்டு கேட்டா சறுக்கி வரும், சறுக்கி வந்தா பள்ளிக்கூடம் வரும், பள்ளிக்கூடம் வந்தா அப்பா வருவார்.

குசினிக்குள்ள போனன். அடுப்புக்குப் பக்கத்தில அம்மான்ர நல்லெண்ணெய்ப் போத்தில் நிண்டது. எங்கட வீட்டில நல்லெண்ணெய்க்கு இருந்த மரியாதை சாமிப் படத்துக்கும் இருந்ததோ தெரியாது. சனிக்கிழமை எண்டா அம்மா தலையைப் பிடிச்சு வைச்சுத் தேய்ப்பா. மூட்டு நோவெண்டாலும் அதுதான், காது குத்தெண்டாலும் அதுதான், கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். "இது போகாத இடமுமில்லை, செய்யாத வேலையுமில்லை" எண்டு அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்த மண்டை இது. தலை, மூட்டு, காது, கதவு எல்லாத்துக்கும் நல்லதெண்டா எஞ்சினுக்கு மட்டும் கெட்டதே? தயா அண்ணை ரெண்டு புஸ்தான் சொன்னவர். நான் மனச்சாட்சி உள்ளவன், தாராளமா ஒரு ஓட்டைக்குக் காப்போத்தில் படி ஊத்தினன். கயிறை ரெண்டுதரம் இழுத்தன், உள்ளுக்குக் "குளுக்" எண்டது. பிளக்கைப் பூட்டி, சீலையால மூடி, முடிச்சும் வடிவாப் போட்டன்.

பின்னேரம் அம்மா போத்திலைத் தூக்கிப் பாத்திட்டு, "ஆரடா இவ்வளவு எண்ணெயும் எடுத்தது?" எண்டா. என்ர வாய் மூளையிட்டக் கேக்காமலே திறந்தது. "தயா அண்ணை எடுத்தவர். தலைக்கு வைச்சு முழுகப்போறாராம்."

"பாவம், எடுக்கட்டும்," எண்டா அம்மா.

அதோட அந்தக் கதை முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டன். சின்னப் பெடியன், தெரியாமல் செய்திட்டான் எண்டு நானே எனக்கு மன்னிப்புக் குடுத்திருப்பன். ஆனா கார்த்திகை வந்தது. ராஜி அக்கா வர நாலு கிழமைதான் இருந்தது. தயா அண்ணை நோர்பரியில ரெண்டு அறை வீடு ஒண்டு பாத்து, ஷிப்டுக்கு மேல ஷிப்டா நிண்டு, இடையில சுவருக்குப் பெயின்ற் பூசிக்கொண்டு திரிஞ்சார். கராஜ் திறப்பை என்ர கையில தந்து, "டேய், கட்டையால இறக்கி, பெற்றோல் விட்டு, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார். எனக்கு இந்தமுறை நேரமில்லை" எண்டார். பெல்ட்டைத் தான் பிறகு பூட்டுறன் எண்டார்.

நான் போய் இறக்கினன். கயிறைப் பிடிச்சு இழுத்தன். கயிறு வரேல்லை. காலை உதைச்சுக்கொண்டு இழுத்தன். சுவரில கட்டின கயிறு மாதிரி நிண்டது. அப்பவே எனக்கு விளங்கியிட்டுது. விளங்கினதை ஒருத்தருக்கும் சொல்லாமல் திறப்பைக் கொண்டுபோய்க் குடுத்தன்.

"ஸ்டார்ட் ஆச்சுதோ?"

"ஓம் அண்ணை. ஒரே இழுவை."

அவர் என்ர தலையில ஒரு குட்டுப் போட்டுச் சிரிச்சார். "எட, என்னிலும் பாக்க உனக்குத்தான் அது பழக்கம் போல கிடக்கு."

நல்லெண்ணெய் விட்டது முட்டாள் வேலை. இந்த "ஒரே இழுவை" இருக்குதே, அது முட்டாள் வேலையில்லை. அண்டைக்குச் சொல்லியிருந்தா எஞ்சினைக் கழட்டிக் கழுவ அவருக்கு மூண்டு மாசம் இருந்தது. கூட்டிக் கழிக்கத் தெரியாத எனக்கும் அது தெரியும்.

ராஜி அக்கா வந்தா. மெலிஞ்ச ஆள், பெரிய சிரிப்பு. நான் எது சொன்னாலும் சிரிப்பா, அதால எனக்கு அவவில உயிர். நோர்பரி வீட்டில இருந்து ஞாயிற்றுக்கிழமையில எங்கட வீட்டுக்கு வந்து குசினி ஜன்னலுக்கால வானத்தைப் பாத்துக்கொண்டு நிப்பா. "எங்க ரூபன் உங்கட பனி? நானும் வந்து ரெண்டு மாசம், மழைதான் பெய்யுது. உங்கட அண்ணை பனியையும் ஸ்டுடியோவிலதான் வைச்சு எடுத்தவரோ?" எண்டுவா. தயா அண்ணை, "வரும், பொறும்" எண்டுவார். நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, கடவுளே இந்த வருசம் பனி வேண்டாம் எண்டு கும்பிட்டன். முருகனுக்கும் லண்டனுக்கும் தூரம் போல, மாசிமாசம் ஒரு விடியக்காலமை திரைச்சீலையை விலக்கினா எல்லாம் வெள்ளை. அப்பிடி ஒரு பனியை நான் லண்டனில அதுக்கு முதல் கண்டதில்லை. பஸ் இல்லை, ரெயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத சந்தோசம் வராத ஒரே நாள் அதுதான்.

பஸ் ஓடாத ரோட்டில நோர்பரியில இருந்து ரெண்டு பேரும் நடந்து வந்திட்டினம். ராஜி அக்கா சீலைக்கு மேல தயா அண்ணையின்ர பெரிய கோட்டு, காலில அவரின்ர சப்பாத்து, ரெண்டு சோடி காலுறை. மூக்கு சிவந்து, கண் ரெண்டும் கார்த்திகை விளக்கு மாதிரி. அம்மா கமராவோட வந்தா. அப்பா வாசல் பனி தள்ளுற மண்வெட்டியோட வந்து, "இண்டைக்கு மாடு எழும்புமோ பாப்பம்" எண்டு நிண்டார். தயா அண்ணை கராஜ் கதவை ரெண்டு கையாலயும் திறந்தார். சீலையை உருவினார். "ஏறும்," எண்டார். ராஜி அக்கா ஏறி, ஹாண்டிலைப் பிடிச்சு, நோர்வேப் படத்தில அவர் இருந்த மாதிரியே முதுகை நிமித்திக்கொண்டு இருந்தா.

ஸ்டார்ட் ஆனாப் பிறகு பெல்ட்டைப் பூட்டுவம் எண்டு அவர் கயிறை இழுத்தார். பிறகு சிரிச்சுக்கொண்டு இழுத்தார். பிறகு சிரிக்காமல் இழுத்தார். கோட்டைக் கழட்டிப்போட்டு இழுத்தார். அந்தக் குளிரில அவரின்ர நெத்தியால வேர்வை ஓடினது. ராஜி அக்கா ஹாண்டிலை விடாமல் நேராப் பாத்துக்கொண்டு இருந்தா. அவர் குந்தி இருந்து பிளக்கைக் கழட்டினார். எள்ளுருண்டைக்குக் காய்ச்சின பாகு மாதிரி, மண்ணிறமா, இழுபட்டுக்கொண்டு வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மணந்தார்.

ராஜி அக்காவும் எட்டி மணந்தா. "இஞ்சாருங்கோ, இது நல்லெண்ணெயெல்லோ!"

அம்மா உடன, "அட, தம்பி! அண்டைக்கு அரைப் போத்தில் எண்ணெய் காணேல்லை. நீங்கள் முழுக எடுத்தனீங்கள் எண்டு ரூபன் சொன்னவன். எஞ்சினையே முழுகவாத்தனீங்கள்?" எண்டா.

தயா அண்ணை தலையைத் திருப்பி என்னைப் பாத்தார். நான் எண்ணெய் விட்டது, அவரின்ர பேரைச் சொன்னது, ஸ்டார்ட் ஆச்சுது எண்டு புளுகினது, மூண்டும் அந்த ஒரு பார்வையில அவருக்கு வரிசையா விளங்கினதை நான் கண்ணால கண்டன். பிறகு எனக்குப் பின்னால மண்வெட்டியோட நிண்ட அப்பாவைப் பாத்தார். பிளக்கைத் துடைச்சார்.

"ஓம் அக்கா," எண்டார். "ஓயில் முடிஞ்சுபோச்சு. எண்ணெய் எண்டா எண்ணெய்தானே எண்டு விட்டிட்டன்."

பேந்து ஒரு சிரிப்புக் கேட்டுது. முதல் சிரிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்? நான்தான். பாதிப் பல்லைக் காட்டிக்கொண்டு, பயத்தில, விழுந்து விழுந்து சிரிச்சன். நான் சிரிக்க அப்பா சிரிச்சார், அம்மா சிரிச்சா. ராஜி அக்காவும் கோட்டுக் கையால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. "அப்ப ஊராக்கள் சொன்னது சரிதான். பொம்மைதான்!" அவ பகிடிக்குத்தான் சொன்னா. அவர் குனிஞ்சு பிளக்கைப் பூட்டிக்கொண்டு இருந்தார். கனநேரம் பூட்டினார்.

"இறங்காதையும், இரும்," எண்டு சொல்லி, பின்னால நிண்டு தள்ளினார். பெல்ட்டு இன்னும் ஆணியிலேயே தொங்கினதால பட்டி தடையில்லாமல் உருண்டது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கராஜுக்கு வெளியில ஒரு பதினைஞ்சு அடி போச்சுது, பிறகு பனிக்குள்ள புதைஞ்சு நிண்டிட்டுது. அந்த இடத்தில அவர் பின்சீற்றில ஏறி இருக்க, அம்மா படம் எடுத்தா. மத்தியானத்துக்குப் பிறகு அப்பாவையும் கூட்டி, திருப்பி உள்ளுக்குத் தள்ளினம். எல்லாரும் ரீ குடிக்கப் போக, நான் சீலையை மடிச்சுக்கொண்டு கராஜுக்குள்ள நிண்டன், அவர் வந்து இப்ப ரெண்டு குடுப்பார் எண்டு. வந்தார். குடுத்திருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

"ரூபன், அடுத்தமுறை ஓயில் முடிஞ்சாச் சொல்லு. கடை கிட்டத்தானே," எண்டார். அவ்வளவுதான்.

அடுத்தமுறை வரேல்லை. பனி ஒரு கிழமையில தண்ணியாப் போச்சு. எஞ்சினைக் கழட்டிப் பாத்தவர், சரிவரேல்லை. வசந்தத்தில பழைய இரும்பு ஏத்துற லொறிக்காரன் வந்து மஞ்சள் மாட்டை ஏத்திக்கொண்டு போனான். அந்த மார்ச் மாசம் படுக்கப்போட ஒண்டும் இருக்கேல்லை, தயா அண்ணை கராஜைக் கூட்டித் துப்பரவாக்கிப்போட்டுத் திறப்பை அப்பாவிட்டக் குடுத்தார்.

சாமான் போச்சு, கதை போகேல்லை. கதையைக் கொண்டு திரிஞ்சது ஆர்? படிப்பு வராத எனக்குப் பகிடி வந்தது. கலியாண வீடு, பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்க நாலு பேர் கூடினாலும் "ரூபன், அந்த நல்லெண்ணெய்க் கதையை எடுத்து விடு" எண்டு கேப்பினம். நான் எழும்பி நிண்டு, தயா அண்ணை மாதிரிக் குந்தி, பிளக்கைக் கழட்டி, மணந்து, கண்ணை உருட்டிக் காட்டுவன். நோர்வேயில போய் மெக்கானிக் வேலை பழகிவந்து எஞ்சினுக்கு எண்ணெய் முழுக்கு வாத்த மனுசன் எண்டு சொல்லேக்கை மண்டபம் கிடந்து சிரிக்கும். ராஜி அக்கா கண்ணால தண்ணி வரச் சிரிப்பா. வீட்டில அவர் எதையாவது திருத்த வெளிக்கிட்டா, "நல்லெண்ணெய் தரட்டோ?" எண்டு கேக்கிறது அவவின்ர வழக்கமாப் போச்சுது. தயா அண்ணையும் சிரிப்பார். முன்வரிசையில இருந்து, கையைத் தட்டிச் சிரிப்பார். ஒருநாள், ஒருத்தருக்கு, தனிய எண்டாலும், "அது நானில்லை" எண்டு சொல்லேல்லை. அவர் சொல்லமாட்டார் எண்ட நம்பிக்கையில நானும் வருசத்துக்கு வருசம் கதைக்குக் கை கால் வைச்சன்.

போன வருசம் தயா அண்ணை செத்துப்போனார். நித்திரையில போனவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கட வழக்கப்படி கல்வெட்டு அடிச்சவை, படமும் தேவாரமும் சொந்தக்காரர் எழுதின நினைவுகளும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம். ராஜி அக்கா என்னைக் கேட்டா, "ரூபன், எல்லாரும் அழுதழுது எழுதியிருக்கினம். நீ அந்த நல்லெண்ணெய்க் கதையை ஒரு பக்கம் எழுது. அவருக்கு அதுதான் பிடிக்கும்." நான் எழுதினன். அண்டைக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை எனக்கு. பனியில அம்மா எடுத்த அந்தப் படம், முன்னுக்கு அவ, பின்னுக்கு அவர், ஓடுற மாதிரியே இருக்கும். அதுக்குக் கீழ என்ர பேரும் என்ர எழுத்தும். பள்ளிக்கூடத்தில ஒரு பக்கம் ஒழுங்கா எழுதாதவன்ர எழுத்து வாழ்க்கையில முதல்தரம் அச்சில வந்தது, அதுவும் செத்த மனுசனில போட்ட பழியா.

அந்தியேட்டிச் சாப்பாடு முடிஞ்சு சனம் போனாப் பிறகு, ராஜி அக்கா கதிரையில இருந்து அந்தப் பக்கத்தை வாசிச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தா. சிரிச்சுச் சிரிச்சுப் படத்தைத் தடவினா. எனக்கு ஏலாமல் போச்சு. பக்கத்தில போய்க் குந்தி இருந்து எல்லாத்தையும் சொன்னன். சறுக்கி, தகரம், குசினி, ஒரே இழுவை. சொன்னாப் பாரம் குறையும் எண்டு நினைச்சன். அவ ஏசுவா, இல்லாட்டி அவவின்ர குணத்துக்கு "போடா விசரா" எண்டு சிரிப்பா எண்டு நினைச்சன்.

அவ புத்தகத்தை மூடி மடியில வைச்சா.

"அப்ப நான் இவ்வளவு காலமும் அந்தாளைச் சும்மாவே நக்கலடிச்சனான்?" எண்டா. என்னைக் கேக்கேல்லை, சுவரைக் கேட்டா. பிறகுதான் என்ர பக்கம் திரும்பினா. "அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தா நான் ஒரு சொல்லுக் கேட்டிருப்பன் அவரிட்ட. இப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிறது? இதை ஏனடா இப்ப சொன்னனீ?"

என்ர பாரத்தை இறக்கப்போய் ஒரு கைம்பெண்ணின்ர தலையில வைச்சிட்டு வந்திருக்கிறன்.

போன மாசம் மிச்சம் பக்கம் போனன். பின்லேன் கராஜ் எல்லாம் இடிச்சு மூண்டு மாடிக் கட்டிடம் எழுப்பியிருக்கினம். பார்க்கில சறுக்கி பிளாஸ்ரிக்கில, கீழ மெத்தை மாதிரி ரப்பர் நிலம். இப்ப ஒருத்தருக்கும் பல்லு உடையாது. பனியும் முந்தின மாதிரி விழுறதில்லை. திரும்பி வரேக்கை ராஜி அக்கா வீட்டுக்கும் போனன்; குசினியில நல்லெண்ணெய்ப் போத்தில் இருந்த இடம் வெறுமையாக் கிடக்குது, அவ அதை எடுத்து எங்கையோ வைச்சிட்டா. கல்வெட்டு மட்டும் நூறு வீட்டு அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்குது, என்ர பொய்யோட, பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில.

அதாலதான் இதை எழுதினன். எங்கையாவது ஒரு கலியாண வீட்டில என்ர வாயால அந்தக் கதையைக் கேட்டுச் சிரிச்ச ஆக்கள் உங்களுக்குள்ள கனபேர் இருப்பியள். அண்டைக்கு முன்வரிசையில கையைத் தட்டிச் சிரிச்சுக்கொண்டிருந்த மனுசனை ஒருக்கா நினைச்சுப்பாத்து, அவரில போட்ட அந்தச் சிரிப்பை எடுத்து என்னில போடுங்கோ. எஞ்சினுக்கு நல்லெண்ணெய் விட்டவன் நான்தான்.